பெருந்தொற்று நேரத்தில் கப்பல் சுற்றுலா: போவதா, கேன்சல் செய்வதா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

க்ரூஸ் கப்பலில் கேபின் பதிவு செய்து, முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கோ புதிய தொற்று கிளம்புகிறது. வீட்டில் ஒருவர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார், இன்னொருவர் "உடனே கேன்சல் பண்ணு" என்கிறார். இந்தச் சண்டை முடியாமல் இழுப்பதற்குக் காரணம், இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக்கொள்வதுதான். கப்பலில் ஏறுவது சரியா என்பது ஒன்று. எந்த நாளில், எப்படி ரத்து செய்தால் பணம் குறைவாகப் போகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை தேடும்போது பணத்தை நினைக்கக் கூடாது. இரண்டாவதில் பணத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையை வைத்துத்தான்.

படி 1: தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

பதிவு உறுதிக் கடிதம், கப்பல் நிறுவனத்தின் ரத்து விதிகள், காப்பீட்டுப் பத்திரம், விமான டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பாக்கித் தொகை கட்டவேண்டிய கடைசி நாள் எது? பல நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்குச் சுமார் 90 நாள் முன்பு வரும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் கட்டணத்தில் பிடித்தம் 50 சதவீதம், 75 சதவீதம், 100 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு ஏற்றமும் எந்த நாளில் என்று எழுதுங்கள். காப்பீடு வாங்கிய தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தை நேரடியாக நிறுவனத்திடம் கட்டினீர்களா, டிராவல் ஏஜென்ட் வழியாகவா என்பதும் வேண்டும். ஏஜென்ட் வழியென்றால் ரீஃபண்டும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் வரும். அவருடைய சேவைக் கட்டணம் திரும்புமா என்பது தனிக் கேள்வி.

படி 2: போகலாமா? பணத்தை மறந்துவிட்டுக் கேளுங்கள்

"எனக்குத் தொற்றுமா?" என்று மட்டும் கேட்பது போதாது. கப்பலில் ஏறுகிறவர் கேட்கவேண்டிய பெரிய கேள்வி, "இந்தக் கப்பலை யாரும் உள்ளே விடாவிட்டால்?" என்பது.

2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து டயமண்ட் பிரின்சஸ் கப்பல் புறப்பட்டது. அதில் இருந்த ஒரு பயணி 25 ஆம் தேதியே ஹாங்காங்கில் இறங்கிவிட்டார். அவருக்குக் கோவிட் என்று தெரிய வந்தது பிப்ரவரி 1 அன்று. கப்பல் திரும்பி வந்ததும் பிப்ரவரி 5 முதல் பயணிகள் கேபின்களில் அடைக்கப்பட்டார்கள். கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. ஜன்னல் இல்லாத உள்கேபின் வாங்கியவர்கள் அந்த அறைக்குள்ளேயே நாட்களைக் கழித்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று உள்கேபின் எடுத்திருந்தால், அங்கே 14 நாள் இருக்க முடியுமா என்று இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்டாம் கதை வேறு மாதிரி. அந்தக் கப்பலில் அப்போது ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. இருந்தும் ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து என்று வரிசையாகக் கதவை மூடினார்கள். கடைசியில் 2020 பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகம்தான் இடம் கொடுத்தது. நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், துறைமுக அதிகாரியின் பயம் உங்கள் கையில் இல்லை.

இதிலும் மோசம் ஜான்டாம். 2020 மார்ச் 7 அன்று புவனோஸ் ஐரஸிலிருந்து கிளம்பி, சிலியில் முடியவேண்டிய பயணம் அது. வழியில் தென் அமெரிக்கத் துறைமுகங்கள் மூடிக்கொள்ள, பனாமா கால்வாயைக் கடந்து ஏப்ரல் 2 அன்றுதான் ஃப்ளோரிடாவில் கரை சேர்ந்தது. அதற்குள் கப்பலில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள்.

எத்தனை நாடுகள், எத்தனை நாள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்தின் அளவு. சிங்கப்பூர் 2020 நவம்பரில் எங்கும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணங்களைத் தொடங்கியது. டிசம்பரில் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று சொல்லப்பட்டது. கப்பல் சீக்கிரமே திரும்பியது. மறுபரிசோதனையில் அவருக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. ஒரு நாள் குழப்பத்தோடு எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். 2022 ஜனவரியில் மும்பை–கோவா புத்தாண்டுப் பயணம் போன கோர்டீலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று வந்தபோது, அது மும்பைக்கே திரும்பியது. எரிச்சல்தான், ஆனால் நாடு ஒன்றுதான், மொழி தெரிந்த ஊர்தான். ஐந்து நாடுகளைத் தொடும் இரண்டு வாரப் பயணமும் இதுவும் ஒன்றல்ல.

அப்புறம், கூட வருவது யார்? அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் என் கணக்கு எளிது: தொற்றின் குணம் தெரியாத முதல் சில மாதங்களில் ஏறவேண்டாம். கப்பல் மருத்துவமனை முதலுதவிக்கும் சிறு அவசரங்களுக்கும் போதும்; நீண்ட தீவிர சிகிச்சைக்கு அல்ல. அங்கே ஆகும் செலவும் உங்கள் கேபின் கணக்கில்தான் ஏறும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோரை பஹாமாஸுக்கோ அலாஸ்காவுக்கோ கப்பலில் கூட்டிப்போவது இப்போது சகஜம். அவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. பெற்றோரின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா? கப்பல் வேறு நாட்டில் மாட்டினால் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே இறங்க விடுவார்களா? ஊருக்குத் திரும்பும் விமானமே நின்றால் என்ன செய்வது? 2020 மார்ச் 22 முதல் இந்தியாவுக்கான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன. வெளிநாட்டில் மாட்டியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் சிறப்பு விமானங்கள் மே 7 அன்றுதான் தொடங்கின. வழக்கமான சேவை முழுதாகத் திரும்ப 2022 மார்ச் ஆனது.

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. டயமண்ட் பிரின்சஸில் 132 இந்திய ஊழியர்கள் இருந்தார்கள். பயணிகள் அறைக்குள் இருக்க, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போனவர்கள் ஊழியர்கள்தான்.

படி 3: அரசு சொல்வதைக் கேளுங்கள், விளம்பரத்தை அல்ல

ஜான்டாம் கிளம்பிய மறுநாள், 2020 மார்ச் 8 அன்று, அமெரிக்க வெளியுறவுத்துறை தன் குடிமக்கள், குறிப்பாக உடல்நலக் குறைவுள்ளவர்கள், கப்பல் பயணம் போகவேண்டாம் என்றது. மார்ச் 13 அன்று கப்பல் நிறுவனங்களின் சங்கமே நிறுத்தத்தை அறிவித்தது. 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தடை உத்தரவு போட்டது. ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழ். எனவே புறப்பாட்டுக்கு முந்தைய வாரத்தில் தினமும் பாருங்கள்: உங்கள் நாட்டின் அறிவிப்பு, புறப்படும் துறைமுக நாட்டின் அறிவிப்பு, வழியில் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதி. அரசு எச்சரித்த பயணத்துக்குப் போனால் பல காப்பீடுகள் கை விரிக்கும் என்பதால் இது பண விஷயமும்கூட.

படி 4: காத்திருப்பதற்கு என்ன விலை?

படி 2-இல் "போகவேண்டாம்" என்று முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே பட்டனை அழுத்தாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணம் கேட்கலாம். யார் முந்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

ஒரு கணக்கு. இருவருக்குக் கட்டணம் 2,00,000 ரூபாய், துறைமுக வரிகள் 30,000. இன்று ரத்து செய்தால் கட்டணத்தில் 50 சதவீதம் பிடிப்பார்கள். 15 நாள் கழித்து அது 75 ஆகும். வரி பொதுவாகத் திரும்பிவிடும். இன்று செய்தால் கைக்கு வருவது 1,30,000. பதினைந்து நாள் தாண்டினால் 80,000. நிறுவனமே ரத்து செய்தால் 2,30,000.

இதில் முதல் விஷயம்: 14 ஆம் நாள் வரை காத்திருப்பது இலவசம். பிடித்தம் ஏறுவதற்கு முந்தைய நாள் மீண்டும் உட்கார்ந்து பேசினால் போதும். இரண்டாவது: அந்த எல்லையைத் தாண்டிக் காத்திருந்தால் இழப்பு 50,000, நிறுவனம் நிறுத்தினால் லாபம் 1,00,000. ஆகவே நிறுத்துவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருப்பதாக நினைத்தால் மட்டும் காத்திருங்கள். துறைமுகங்கள் மூட ஆரம்பித்து, பக்கத்துத் தேதிப் பயணங்கள் ரத்தாகிக்கொண்டிருந்தால் வாய்ப்பு அதிகம். நிறுவனம் பயணப் பாதையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் குறைவு. பாதை மாற்றத்துக்கு ஒப்பந்தம் பொதுவாக அவர்களுக்கு உரிமை தருகிறது, அதற்கு ரீஃபண்ட் கேட்க முடியாது.

பாக்கித் தொகை இன்னும் கட்டவில்லையா? அந்தக் கடைசி நாள்தான் உங்களுக்குச் சிறந்த முடிவு நாள். அன்று விட்டுவிட்டால் அதிகபட்சம் முன்பணம்தான் போகும்.

ஏற்கெனவே 100 சதவீதப் பிடித்தத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் முன்கூட்டி ரத்து செய்வதில் லாபமே இல்லை. கடைசி வரை காத்திருங்கள். ஆனால் சொல்லாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள். முறைப்படி ரத்து செய்தால் வரி, முன்கூட்டி வாங்கிய வைஃபை, கரைச் சுற்றுலா ஆகியவற்றின் பணத்தையாவது கேட்டு வாங்கலாம்.

படி 5: ரொக்கமா, கிரெடிட்டா, தேதி மாற்றமா?

2020 மார்ச் 6 அன்று ராயல் கரீபியன் ஒரு சலுகை அறிவித்தது: புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம், ஆனால் பணம் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்து நிறுவனமே பயணங்களை நிறுத்தியபோது, 125 சதவீத கிரெடிட் அல்லது முழு ரொக்கம் என்று இரண்டு வழி கிடைத்தது.

125 சதவீதம் என்றதும் மயங்கவேண்டாம். கிரெடிட்டுக்குக் காலாவதி தேதி உண்டு, வேறொருவர் பெயருக்கு மாற்ற விடமாட்டார்கள், அதற்குள் கட்டணமும் ஏறியிருக்கும். அதைவிட, நிறுவனம் இருக்கவேண்டுமே! பிரிட்டனின் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் 2020 ஜூலையில் மூடியது. சிங்கப்பூரில் பலர் போன ட்ரீம் குரூசஸின் தாய் நிறுவனம் கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. அதே மாதம் அந்தக் குழுமத்தின் கிரிஸ்டல் சிம்ஃபனி, எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலையே பிடித்துவைக்கும் நீதிமன்ற உத்தரவு மியாமியில் காத்திருந்ததால், பயணிகளோடு பஹாமாஸ் பக்கம் திரும்பிவிட்டது. நிறுவனம் மூடினால், அது பணம் தரவேண்டியவர்களின் வரிசையில் கிரெடிட் வைத்திருப்பவர் வாலில் நிற்கவேண்டும். ரொக்கம் கிடைக்குமானால் ரொக்கம்தான் என் தேர்வு, மூன்று மாதம் தாமதமாக வந்தாலும் சரி. விலை மாறாமல் தேதியை மட்டும் நகர்த்தும் வசதி பெரிய, நிலையான நிறுவனத்திடம் இருந்தால், கட்டாயம் போகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு அது பரவாயில்லை.

படி 6: காப்பீடு எதற்கு உதவும், எதற்கு உதவாது

பயத்துக்குக் காப்பீடு கிடையாது. "தொற்று பரவுகிறது, போகப் பிடிக்கவில்லை" என்பது சாதாரண பாலிசியில் ஏற்கப்படும் காரணம் அல்ல. நீங்களோ நெருங்கிய குடும்பத்தாரோ நோய்வாய்ப்பட்டால்தான் பேச்சு. செய்தி பரவிய பிறகு வாங்கினால் "தெரிந்த நிகழ்வு" என்று ஒதுக்கிவிடுவார்கள். கோவிட்டுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் 2020 ஜனவரி இறுதியையே அந்த எல்லையாக வைத்தன. அமெரிக்காவில் எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யும் வகைப் பாலிசி உண்டு. விலை கூடுதல், முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கவேண்டும், திரும்புவது 50 முதல் 75 சதவீதம் வரைதான்.

படி 7: ரத்து செய்யும் நாள்

போனில் பேசினாலும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ரத்து எண்ணைக் கேட்டு வாங்கி, திரையைப் படமெடுத்து வையுங்கள். கெடு எந்த ஊர் நேரப்படி என்று பாருங்கள்: மியாமிக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அங்கே கோடையில் ஒன்பதரை. ஏஜென்ட்டுக்கு ஞாயிறு விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

இருவர் கேபினில் ஒருவர் மட்டும் விலகினால், மீதி இருப்பவர் தனி ஆள் கட்டணம் என்று கூடுதலாகக் கட்டவேண்டி வரலாம். அண்ணன் குடும்பம் போகும், நாங்கள் மட்டும் வரவில்லை என்கிற வீடுகளில் இதைப் பதிவு எண் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். விமான டிக்கெட்டைக் கப்பல் முடிவான பிறகே தொடுங்கள். விமான நிறுவனமே ரத்து செய்தால் அதற்கும் முழுப் பணம் கேட்கலாம்.

நிறுவனம் பயணத்தை நிறுத்திவிட்டு ரீஃபண்ட் தராமல் இழுத்தடித்தால், கிரெடிட் கார்டு வங்கியிடம் கட்டண மறுப்புப் புகார் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே "அடுத்த வாரம் வந்துவிடும்" என்கிற பதிலை எத்தனை முறை நம்புவது என்று ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ரத்து செய்த பயணத்துக்கு இந்த வழி எடுபடாது.