கண்ணாடி வெட்டும் வீடியோவைக் காதால் பாருங்கள்

வீடியோ பார்த்துத்தான் நான் கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க உடைசல்தான். திரையில் கை சும்மா ஒரு கோடு இழுக்கிறது, கண்ணாடி அதே கோட்டில் பிரிகிறது. என் மேசையில் கோடு ஒரு பக்கம், உடைப்பு இன்னொரு பக்கம். கையைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், கட்டரின் சாய்வைப் பார்த்தேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத விஷயம். ஒரு நாள் இரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதே வீடியோவை ஓட்டியபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது: பட்டுத் துணி கிழிவது போல, இடையில் அறுபடாத ஒரு மெல்லிய “ஸ்ஸ்ஸ்”. என் கட்டர் அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்தச் சத்தம்தான்.

முதலில் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்

பின்னணி இசை இல்லாத, வேகம் கூட்டாத, கைக்கு நெருக்கமாக எடுத்த வீடியோ வேண்டும். கோடு போடத் தொடங்கியதிலிருந்து துண்டு பிரியும்வரை ஒரே ஓட்டமாக எடுத்திருந்தால் இன்னும் நல்லது. இசை போட்டு வேகமாக ஓட்டிய வீடியோக்கள் பார்க்க அழகுதான், ஆனால் கற்க வேண்டிய சத்தத்தை அவை மூடிவிடுகின்றன. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் யூடியூபில் நீளமான செயல்விளக்கங்களை வைத்திருக்கிறது. கண்ணாடியின் குணத்தைப் புரிந்துகொள்ள அவற்றைப் பாருங்கள். அதில் வரும் உலை வேலையை மட்டும் வீடியோவை நம்பி வீட்டில் முயலாதீர்கள். 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசான் நிற்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். வண்ணக் கண்ணாடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கார்பைடு சக்கரம் வைத்த கட்டர், மெல்லிய மெஷின் எண்ணெய், கண்ணாடி உடைக்கும் இடுக்கி, வழுக்காத அளவுகோல், மார்க்கர், கண்ணுக்குக் கவசம், காலுக்கு மூடிய ஷூ. டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, கூடவே கூடாது. காரின் பக்கக் கண்ணாடியும் குளியலறைக் கதவும் பெரும்பாலும் அந்த ரகம்தான். கீறி உடைக்கப் போனால் முழுப் பலகையும் நொறுங்கிக் கொட்டிவிடும்.

மூன்று முறை பாருங்கள்

முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு சும்மா பாருங்கள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை வேகத்தைப் பாதியாக்கி மணிக்கட்டைக் கவனியுங்கள். மணிக்கட்டு மடங்காது, தோளிலிருந்து மொத்தக் கையும் நகரும். நின்றுகொண்டு வெட்டச் சொல்வது இதனால்தான். உட்கார்ந்தால் முழங்கை மேசையில் ஊன்றிக்கொள்ளும், கோடு வளையும்.

கீறுங்கள்

கண்ணாடியைத் துடைத்து, சக்கரத்தில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை நிறுத்தாமல் ஒரே கோடு. சக்கரம் இடமோ வலமோ சாயாமல் நிமிர்ந்து ஓட வேண்டும். சத்தம் விட்டு விட்டு வந்தால் அழுத்தம் போதவில்லை. நறநறவென்று வந்து, கோட்டின் இருபக்கமும் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அழுத்தம் அதிகம். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தவற்றைத்தான் செய்கிறார்கள், நானும் அப்படித்தான். உங்கள் கீறலை போனில் பதிவுசெய்து வீடியோவின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் அழுத்தம் பாதியாகக் குறைந்தது அப்படித்தான்.

கோடு சரியாக விழவில்லை என்று அதன்மேலேயே மறுபடி ஓட்டாதீர்கள். கட்டர் கண்ணாடியை அறுப்பதில்லை. மேற்பரப்பில் நுண்ணிய விரிசல் ஒன்றை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். இரண்டாம் முறை ஓடும் சக்கரம் அந்த விரிசலின் விளிம்புகளை நொறுக்கும், சக்கரமும் கெடும்.

உடனே உடையுங்கள்

புதுக் கீறல் எளிதில் விட்டுக்கொடுக்கும், ஆறப்போட்டால் முரண்டு பிடிக்கும். கீறல் மேலே இருக்க, அதன் இருபக்கமும் கட்டைவிரல்களை வையுங்கள். மடக்கிய விரல்கள் கண்ணாடிக்கு அடியில் ஒன்றையொன்று தொட்டிருக்கட்டும். இரு கைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். “டிக்” என்று பிரியும். துண்டு கைக்கு அடங்காத அளவு ஒல்லியாக இருந்தால் இடுக்கி. அதன் மேல்தாடையில் உள்ள கோட்டைக் கீறலோடு பொருத்தி மெதுவாக அழுத்தினால், விரிசல் தானே ஓடிப்போய் எதிர் ஓரத்தில் முடிவது தெரியும். அதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

குறைந்தது இருபது நேர்க்கோடு போட்ட பிறகே வளைவுக்குப் போங்கள். உள்நோக்கிய ஆழமான வளைவை ஒரே மூச்சில் எடுக்க முடியாது. ஆழம் குறைந்த கீறல்கள் பல போட்டு, பிறை பிறையாக உடைத்து எடுக்க வேண்டும். ‘ட’ எழுத்தைப் போல உள்ளே செங்கோணம் கொண்ட துண்டைக் கீறி உடைத்து எடுக்கவே முடியாது. விரிசல் மூலையில் திரும்பாமல் நேரே ஓடிவிடும். வீடியோவில் அப்படி ஒன்று வந்தால் அது ரம்பத்தில் அறுத்தது. உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தை இரண்டு துண்டாகப் பிரித்துவிடுங்கள்.

துண்டுகளை இணைக்க

விளிம்புகளைத் தண்ணீர் விட்டே தேயுங்கள், உலர்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் செப்பு நாடா ஒட்டி, சால்டர் என்னும் பற்றாசு உலோகத்தை உருக்கி இணைப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானியின் விளக்குகளால் புகழ்பெற்ற முறை இது. 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஐந்தரை மில்லிமீட்டர் நாடா சரியாக இருக்கும். இருபக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மடியும். செம்பின் மேற்பரப்பைச் சுத்தமாக்கும் ஃப்ளக்ஸை நாடாவில் தடவாமல் சால்டர் ஒட்டாது. வழக்கமான 60/40 சால்டரில் 40 பங்கு ஈயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த மேசையில் எதையும் சாப்பிடாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈயமில்லாத சால்டரே வாங்குங்கள்.

கடைசியாக, பெரும்பாலான வீடியோக்கள் முடிந்த பிறகு வரும் வேலை. மேசையை வெறுங்கையால் துடைக்காதீர்கள். நனைத்த செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, அந்தத் தாளோடு சேர்த்து ஒரு கெட்டி அட்டைப்பெட்டியில் போட்டு, “கண்ணாடி” என்று பெரிதாக எழுதிக் குப்பைக்கு அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கப்போவது வேறொருவரின் கை.