டெட்ரிஸ்: புதியவர்கள் தோண்டும் இரண்டாவது குழி

பாடசாலை விடுமுறை விட்டால், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் மாலை நேரத்தில் என் கணினியைச் சூழ்ந்துகொள்வார்கள். 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எலெக்ட்ரோனிக்கா 60 கணினியில் உருவாக்கிய டெட்ரிஸ்தான் அவர்களுக்கு இன்றும் விருப்பமான விளையாட்டு. மேலிருந்து விழும், நான்கு சதுரங்களாலான கட்டைகளை அடுக்கி, இடைவெளியின்றி நிரம்பும் நிரைகளை அழிப்பதே அதில் வேலை. கட்டைக்கு அடியில் துளை விடுவது, அவசரத்தில் தவறான நிரலில் போடுவது போன்ற பிழைகள் சில நாட்களில் தாமாகவே குறைந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தாமாகக் குறையாதவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது குழி

இன்றைய பதிப்புகள் பலவற்றில், முதல் நிலையில் ஒரு நிரையை அழித்தால் 100 புள்ளியும், நான்கு நிரைகளை ஒரே தடவையில் அழித்தால் 800 புள்ளியும் கிடைக்கும். ஆகவே பத்து நிரல்களில் ஒன்பதை நிரப்பி, சுவரோரம் ஒரு நிரலை, நான்கு சதுரங்களும் ஒரே கோட்டில் அமைந்த நீளக் கட்டைக்காகத் திறந்து வைப்பது நல்ல முறைதான். சிக்கல் என்னவென்றால், புதியவர்கள் அந்த ஒரு குழியையே பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் இன்னொரு குழி அவர்கள் அறியாமலே ஆழமாகிவிடுகிறது.

சென்ற வாரம் என் தங்கையின் மகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலச்சுவரோரம் அவள் திறந்து வைத்த நிரல் ஒழுங்காக இருந்தது. இடச்சுவரோர நிரலோ பக்கத்து நிரலைவிட மூன்று கட்டம் தாழ்ந்து கிடந்தது. கட்டைகள் பதினான்காம் நிரையைத் தொட்ட பிறகும், “நீளக் கட்டை வந்தால் எல்லாம் சரியாகிவிடும், மாமா” என்றாள். “வந்தாலும் ஒரு குழியைத்தானே பிள்ளை மூடும்?” என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், கணக்கு அவ்வளவு தெளிவாக இருப்பதுதான். மூன்று கட்ட ஆழமுள்ள குழியைத் துளையின்றி மூட நீளக் கட்டையைத் தவிர வேறொன்றாலும் முடியாது. ஏழு வகைக் கட்டைகளையும் ஒரு பையிலிட்டுக் குலுக்கி, அது தீர்ந்ததும் அடுத்த பையைத் திறக்கும் முறையை இன்றைய பதிப்புகள் பின்பற்றுவதால், இரண்டு நீளக் கட்டைகளுக்கு இடையே பன்னிரண்டு வேறு கட்டைகள் வரக்கூடும். பன்னிரண்டு கட்டைகள் என்றால் 48 சதுரங்கள், அதாவது ஏறக்குறைய ஐந்து நிரைகள். முதல் நீளக் கட்டையை இடக்குழிக்குக் கொடுத்துவிட்டால், வலக்குழிக்கான அடுத்த கட்டை வருவதற்குள் அந்த ஐந்து நிரை உயரத்தையும் தாங்க வேண்டும். 1989இல் வெளிவந்த நிண்டெண்டோப் பதிப்பில் இந்தப் பை முறையும் கிடையாது. அங்கே காத்திருப்புக்கு எல்லையே இல்லை.

குழி இரண்டு கட்ட ஆழத்தில் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். இடச்சுவரோரமாயின், ஜே (J) எழுத்து வடிவிலான நீல நிறக் கட்டையின் கொக்கி மேலே வலப்பக்கம் பார்க்குமாறு திருப்பி இறக்கினால், நீண்ட பகுதி குழிக்குள் இறங்க, கொக்கி பக்கத்து நிரலின் மேல் சரியாக அமரும். வலச்சுவரோரம் செம்மஞ்சள் எல் (L) கட்டை இதே வேலையைச் செய்யும். ஒரு கட்ட ஆழத்திலேயே கவனித்தால் டி (T) கட்டையே போதும். குழி மூன்றாகிவிட்டது, கட்டைகளும் களத்தின் பாதியைத் தாண்டிவிட்டன என்றால், 800 புள்ளியை மறந்து, ஒன்றோ இரண்டோ நிரைகளாக அழித்துக் கீழே இறங்குவதே உயிர் பிழைக்கும் வழி. பிள்ளைகள் இதற்குத்தான் மனம் ஒப்புவதில்லை.

நடுவில் குழி விடுதல்

வேண்டாம், சுவரோரமே வையுங்கள்.

அடுத்த கட்டையைப் பாராதிருத்தல்

விழுகின்ற கட்டைக்கு இடம் முடிவானவுடன் கண் அடுத்த கட்டையைக் காட்டும் பெட்டிக்குப் போக வேண்டும்.

ஒரே பக்கமாகத் திருப்புதல்

மேல் அம்பு விசையை மூன்று தடவை தட்டுவதற்குப் பதிலாக, எதிர்ப்பக்கம் திருப்பும் விசையை ஒரு தடவை தட்டினால் போதும். பல பதிப்புகளில் அது இசட் விசை. தொடக்க நிலைகளில் இரண்டுக்கும் நேரம் இருப்பதால் வேறுபாடு தெரியாது. வேகம் கூடிய பின் அந்த இரண்டு தட்டல்களுக்குள் கட்டை தரையைத் தொட்டுவிடும். இடக்கை விரலொன்றை அந்த விசையின் மேல் வைத்தே விளையாடத் தொடங்குங்கள்.