வீட்டில் கட்டும் விமானத்தின் பிரேக் லைன்: எந்த இடத்துக்கு எந்தக் குழாய்

இங்கே அமெரிக்காவில் வேன்ஸ் ஆர்வி-9ஏ என்ற சிறு விமானத்தின் கிட்டை (பாகங்களின் தொகுப்பை) வாங்கிக் கட்டுகிறவர்கள் எங்கள் ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு வந்தால், பெடலிலிருந்து சக்கரத்துக்கு பிரேக் எண்ணெயைக் கொண்டுபோகும் குழாயைப் பற்றி, "பிரேக் லைனுக்கு அலுமினியமா, நைலானா, ஸ்டீல் பின்னல் ஹோஸா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரே பொருளில் முழு லைனையும் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! பெடலிலிருந்து சக்கரம் வரை கையால் தடவிக்கொண்டே போய், எங்கே அசைகிறது, எங்கே சுடும், எங்கே சும்மா கிடக்கும் என்று பாருங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

குழாய்க்கும் முன்னால் எண்ணெயை முடிவு செய்யுங்கள். இந்தச் சிறு விமானங்களில் பெரும்பாலும் 5606 என்ற சிவப்பு மினரல் எண்ணெய்தான். அதற்கேற்ற ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) நைட்ரைல் ரப்பர். கார் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 எண்ணெயை ஊற்றினால் அந்த ரப்பர் ஊதிப்போகும். நான் ஊற்றுவது 83282 என்ற செயற்கை எண்ணெய், அதுவும் சிவப்புதான். 5606 சுமார் 82 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவி விடும். 83282 என்றால் 200 டிகிரி தாண்டும்வரை தாங்கும். ரப்பர் அதே நைட்ரைல்தான்.

சூட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஆர்வி-9ஏயின் மூக்குச் சக்கரம் தானாகச் சுழலும், பெடலோடு இணைப்பு கிடையாது. தரையில் மெதுவாகப் போகும்போது ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டும். பக்கக் காற்றில் நீண்ட டாக்ஸிவேயில் (ஓடுபாதைக்குப் போகும் வழியில்) போனால் ஒரே பிரேக் வழி முழுக்கத் தேயும். கொதிக்கிற டிஸ்கில் எண்ணெய் சொட்டினால் தீதான், அதுவும் சக்கர மூடிக்குள்ளே. நைலான் குழாய் மலிவு, வளைக்கச் சுலபம், ஆனால் சூட்டில் இளகும். சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை விடவே விடாதீர்கள்.

சரி, பெடலிலிருந்து தொடங்குவோம். மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலோடு ஆடுவதால் அங்கே வளையும் ஹோஸ். கேபின் தரையோடு அசையாமல் போகிற பகுதிக்கு கால் அங்குல அலுமினியக் குழாய், சுவர் 0.035 அங்குலம். அலுமினியக் கலவையில் 3003 என்ற ரகம் கையாலேயே வளையும். 5052 கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் அதிர்வில் அதிக நாள் உழைக்கும். நான் 5052 பக்கம். செம்பு வேண்டாம், அதிர அதிர இறுகி வெடித்துவிடும்.

சக்கரக் கால் தரையிறங்கும்போதெல்லாம் வளையும். போதாததற்கு, பேட் தேயத் தேய, அந்தப் பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரும் தன் ஊசிகளில் நகரும். விறைப்பான குழாயை நேராகக் கொண்டுபோய் காலிப்பரில் முடுக்கினால் ஃபிளேரில்தான், அதாவது புனல் மாதிரி விரித்த குழாய் நுனியில்தான் விரிசல் விடும். அதனால் கடைசிப் பகுதிக்கு டெஃப்லான் உட்குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல் போட்ட ஹோஸ். அந்தப் பின்னல் உரசுகிற இடத்தை ரம்பம் மாதிரி அறுக்கும். ஆகவே சிலிக்கோன் உறை போட்டு, ரப்பர் வைத்த கிளாம்பில் பிடித்துவிடுங்கள்.

அலுமினியக் குழாயின் உயிர் ஃபிளேரில் இருக்கிறது. விமான ஃபிட்டிங்கில் (இணைப்பில்) ஃபிளேரின் சரிவு 37 டிகிரி. கார் மெக்கானிக்கின் கருவி 45 டிகிரி. அதில் செய்த ஃபிளேர் முடுக்கும்போது சரியாக உட்கார்ந்தது போலத்தான் தோன்றும், அப்புறம் கசியும். குழாயைக் கட்டரால் வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, நட்டையும் ஸ்லீவையும் (நட்டுக்குள் குழாயைச் சுற்றி உட்காரும் வளையத்தையும்) முதலில் மாட்டிவிட்டு ஃபிளேர் செய்யுங்கள். பிறகு விளிம்பை லென்ஸில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். வளைவு எங்கேயாவது நசுங்கி, குறுக்களவு பழைய அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அந்தத் துண்டும் ஆகாது. அமெரிக்க விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் இந்த அளவு இருக்கிறது. ஃபிளேர் மரையில் டேப்போ பசையோ கூடாது. பசை காலிப்பரில் உள்ள கூம்பு மரைக்கு மட்டும், அதுவும் முதல் மரையை விட்டுவிட்டு.

எல்லாம் மாட்டியதும் எண்ணெயைக் கீழே காலிப்பர் வழியாக மேலே ஏற்றுங்கள், காற்று தானே மேலே போய்விடும். பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை ஒவ்வொரு நட்டையும் வெள்ளைக் காகிதத்தால் துடைக்கச் சொல்லுங்கள். சிவப்பு பட்டால் அந்த இணைப்பைக் கழற்றி ஃபிளேரைப் பாருங்கள், நட்டை மேலும் முடுக்காதீர்கள்.