'எல்லாம் நகல்தானே' என்று திரும்பிவிடாதீர்கள்

பாரிஸ் போகிறவர்கள் ஈபிள் கோபுரத்தைப் படமெடுக்க த்ரொக்காதேரோ மேடைக்கு வராமல் இருப்பதில்லை. வந்த கூட்டம் முதுகைக் காட்டி நிற்கும் ஷாயோ மாளிகைக்குள்தான் பிரெஞ்சுக் கட்டடக்கலையின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்களும் சில இடங்களில் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் வாசல். மாளிகைக்கு இரண்டு பெரிய சிறகுகள். கோபுரத்தைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வலப்பக்கத்தில் இருப்பவை மானுடவியல், கடல்சார் அருங்காட்சியகங்கள். அந்த வரிசையில் கால்மணி நேரம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு ஒன்று உண்டு. தரைத்தளத்தில் வானளாவி நிற்கும் தேவாலய வாசல்கள் கல் அல்ல, சுதைவார்ப்பு என்று தெரிந்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். "நகலைப் பார்க்கவா காசு கொடுத்தோம்?" இடைக்காலப் பிரெஞ்சுச் சிற்பம் கிரேக்கச் சிற்பத்துக்கு இளைத்ததல்ல என்று காட்ட, நாடெங்கும் உள்ளவற்றை வார்த்தெடுத்து ஒரே கூரையின் கீழ் வைக்கச் சொன்னவர் கட்டடக்கலைஞர் வியோலே லெ துக். 1882இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் ரெய்ம்ஸ் பேராலயம் தீப்பிடித்தது. வாசலில் புன்னகைத்து நின்ற தேவதையின் தலை விழுந்து நொறுங்கியது. பிறகு அந்தச் சிரிப்பை மீட்கக் கைகொடுத்தது இங்கே பத்திரமாக இருந்த வார்ப்புதான். நகலைப் பார்த்து அசலைச் சரிசெய்தார்கள்!

அதனால் எட்ட நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகராதீர்கள். தென்பிரான்சின் மொய்சாக் ஊர்த் தேவாலய வாசலின் வார்ப்பில், நடுத்தூணில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்ட சிங்கங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கவாட்டுக்கு வருகிறவர்கள் குறைவு. அங்கே எரேமியா தீர்க்கதரிசி, தலையை ஒருபுறம் சாய்த்து, கால்களைப் பின்னி, தூணோடு தூணாக ஒடுங்கி நிற்கிறார். தாடியின் இழைகளைத் தனித்தனியாகப் பின்தொடரலாம்.

இதிலேயே கால் வலித்துப்போய், பலர் மாடிக்கு ஏறுவதில்லை. அங்கே நகலெடுத்து வைத்திருக்கும் கஹோர் நகரப் பேராலயக் குவிமாடத்தின் ஓவியங்களை அண்ணாந்து பார்க்கும் வாய்ப்பு போகிறது. அதைவிட, ஒரு வீடே தவறிப்போகிறது. சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே, 1947 முதல் 1952 வரை மார்சேயில் எழுப்பிய அடுக்ககத்தின் ஒரு வீட்டை, அதே அளவில் இங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் உள்ளே நடக்கலாம். அகலம் 3.66 மீட்டர், பிள்ளைகளின் அறைக்கு அதில் பாதி. கூரை உயரம் 2.26 மீட்டர். ஆறடி மனிதன் கையைத் தூக்கினால் எட்டும் உயரம் அது. அந்தக் கணக்கில்தான் அவர் அளந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் நானும் கையைத் தூக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு சாண் குறைந்தது.