பரோட்டாவை நிறுத்துவதற்கு முன்: குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இரவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் மறுநாள் வயிறு உப்பிக்கொள்கிறது என்று சொல்பவர்களுக்கு மதுரையில் குறைவில்லை. ஆனால் அதற்குக் காரணம் மைதாவிலுள்ள குளூட்டனா, எண்ணெயும் காரமுமா என்பதை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள புரதம். வீச்சுப் பரோட்டாவின் மாவு கிழியாமல் விரிவதற்குக் காரணமும் அதுவே.

முதல் படி, கோதுமையை நிறுத்தாமலேயே மருத்துவரிடம் செல்வது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சீலியாக் நோயில் குளூட்டனை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகளையே தாக்குவதால் கழிச்சல் மட்டுமன்றி, மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகையும் ஏற்படலாம். அதைக் கண்டறியும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனையைக் கோதுமை உண்டுவரும் காலத்திலேயே செய்ய வேண்டும்; முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். உண்டவுடன் தடிப்போ மூச்சுத்திணறலோ வருமானால் அது கோதுமை ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை வேறு.

இவ்விரண்டும் இல்லை என்றான பிறகே குளூட்டன் கூருணர்வு, அதாவது அவை இன்றியே குளூட்டனால் உபாதை வருவது, என்ற பேச்சுக்கு இடமுண்டு. அதற்கெனத் தனிப் பரிசோதனை கிடையாது. ஆகவே இரண்டாம் படியாக, மருத்துவரின் ஆலோசனையுடன் 6 வாரம் குளூட்டனை முற்றிலும் விலக்கி, உண்டதையும் உபாதையையும் நாள்தோறும் எழுதி, பின்னர் மீண்டும் கோதுமையை உண்டு பார்க்க வேண்டும். வெங்காயம், பூண்டுக்கும் வயிறு உப்புமானால், அவற்றிலும் கோதுமையிலும் பொதுவாக உள்ள ஃப்ரக்டான் என்னும் கார்போஹைட்ரேட் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் படி சமையலறை. சோறு, இட்லி, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலும், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் விளையும் குதிரைவாலியிலும் குளூட்டன் இல்லை என்பதால், சப்பாத்தியை விடுவது நமக்குப் பெரிய இழப்பன்று. கவனம் தேவைப்படுவது மறைந்திருக்கும் இடங்களில்தான். ரவையும் கோதுமையே என்பதைப் பலர் மறந்து உப்புமா கிண்டுகிறார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பதுண்டு. உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, அரிசி மாவு கலந்ததை வாங்குங்கள். மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களில் பார்லி இருக்கும். மாவு மில்லில் கோதுமைக்கு அடுத்து உங்கள் கேழ்வரகைப் போட்டால், எந்திரத்தில் தங்கிய கோதுமை மாவு அதில் கலந்துவிடும். சீலியாக் உள்ளவர்களுக்கு அச்சிறு அளவும் தீங்கே. பொட்டலத்தில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டு விதியே வரம்பிட்டிருக்கிறது.

வெளியில் உண்ணும்போது பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள் என்பதால் இட்லியே பாதுகாப்பு. சாம்பாரில் சேர்த்த பெருங்காயம் எது என்று கேட்டால் பரிமாறுபவர் விழிப்பார். சாம்பாருக்குப் பதில், வீட்டில் இடித்த இட்லிப் பொடியைக் கையோடு கொண்டுபோய், நல்லெண்ணெய் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.