நுனியைக் கிள்ளாமல் செடி புதராகாது

தண்ணீர் ஊற்ற மறப்பது, வெயில் படாத மூலையில் வைப்பது இதையெல்லாம் செடியே வாடிக் காட்டிவிடும், விட்டுவிடுகிறேன். தொட்டியில் பேசில் (துளசி இனத்துச் சமையல் மூலிகை), புதினா வளர்க்கத் தொடங்கியவர்கள் எல்லாரும் வரிசையாக அதே பழைய தப்பைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடி இலையைப் பறிப்பது

சமையலுக்குப் பெரிய இலை வேண்டும், அது கீழேதான் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு, நுனியை மட்டும் 'பாவம், வளரட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். செடிக்கு அதிகமாக உணவு தயாரித்துக் கொடுப்பதே அந்தப் பெரிய இலைகள்தான். நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோனோ தண்டு வழியாகக் கீழே இறங்கி, இலையும் தண்டும் சேரும் இடுக்கில் இருக்கும் பக்க மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கும். ஆக, நீங்கள் சாப்பாட்டையும் பிடுங்கிவிட்டு, கிளைக்கு இருக்கும் தடையையும் பத்திரமாகக் காப்பாற்றுகிறீர்கள்!

தோழி ஒருத்தியின் பேசில் அப்படித்தான் நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் குடுமி மாதிரி நாலு இலையோடு நின்றது. முட்டுக்குக் குச்சி வேறு. என்ன உரம் போடலாம் என்று கேட்டாள். உரம் வேண்டாம், வெட்டு என்றேன், மனசே வரவில்லை அவளுக்கு. அப்புறம் ஒருவழியாக, மிச்சமிருந்த ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டினாள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு துளிர் வந்தது. வெட்டிய நுனியைத் தண்ணீரில் போட்டுவைத்தாள், அதுவும் வேர்விட்டது.

செடி 15 செ.மீ. உயரம் வந்து மூன்று நாலு ஜோடி இலை விட்டதுமே முதல் கிள்ளலைச் செய்துவிடுங்கள். கணுவை ஒட்டி, அதற்கு அரை செ.மீ. மேலே. நீளமாகத் தண்டை விட்டால் அது காய்ந்து கருகும்.

ஒரே நாளில் மொட்டையடிப்பது

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பேசில் பூவை ரசிப்பது

மொட்டு தெரிந்ததும் கிள்ளுங்கள். பூக்க ஆரம்பித்துவிட்டால் புது இலை குறைந்துவிடும்.

ரோஸ்மேரியைக் கட்டைவரை வெட்டுவது

இலையே இல்லாத பழுப்புத் தண்டு பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. பச்சை இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். தைம் என்ற மூலிகைச் செடிக்கும் இதே கதைதான்.

கொத்தமல்லி, பார்ஸ்லி

இவற்றில் நுனி கிள்ளும் வேலையே கிடையாது. புதுத் தண்டு நடுக்குருத்திலிருந்துதான் வரும், அதனால் வெளிப்பக்கத் தண்டுகளை மட்டும் அடியோடு வெட்டி எடுங்கள், குருத்தைத் தொடாதீர்கள்.