படக்கதை ஓவியரின் நோட்டுகளும் கழித்த பக்கங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கத்து வீடுகளில் படக்கதை ஓவியர்கள் விட்டுப்போன வரைநோட்டுகளும், அச்சில் சேர்க்காமல் கழித்த பக்கங்களும் பெரும்பாலும் மச்சிலோ, அரங்குவீட்டு ட்ரங்குப் பெட்டியிலோதான் கிடக்கும். பெட்டியைத் திறந்ததுமே கதைவாரியாகப் பிரித்து அடுக்கக் கை பரபரக்கும். எல்லாவற்றிலும் பெரிய தவறு அதுதான். கழித்த பக்கத்தில் தேதியோ கதைப்பெயரோ பெரும்பாலும் இருக்காது. எந்த நோட்டுக்குள், எந்தத் தாளை ஒட்டிச் செருகியிருந்தது என்பதே அதற்கு இருக்கும் ஒரே சாட்சி. ஆகவே எதையும் எடுக்குமுன் மேலிருந்து அடுக்கடுக்காகப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு பின்பக்கக் கீழ்மூலையில் 2பி பென்சிலால் மெலிதாக எண் போடுங்கள்: 3-ஆம் நோட்டு, 14-ஆம் தாள், 2-ஆம் செருகல் என்றால் 3/14/2. பேனா கூடவே கூடாது.

அட்டையில் உள்ள வருஷத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். நகைக்கடை கொடுத்த டைரி எழுதாமல் மிஞ்சினால் பல வருஷம் கழித்தும் வரைநோட்டாக ஓடும். 1986 டைரி என்றால், 1985 கடைசிக்கு முன் வரைந்ததல்ல என்று மட்டும்தான் சொல்லலாம். சிவகாசி காலண்டர் தாளின் முதுகில் வரைந்த படத்துக்கும் இதே கணக்கு. அதனால் பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனரைக் கறுப்பு-வெள்ளையில் வைப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சமல்ல. அச்சுக்குப் போகும் பக்கத்தில் முதல் கோட்டை வெளிர்நீலப் பென்சிலால் போடும் வழக்கம் இருந்தது. அச்சுக்காகப் பக்கத்தைப் படமெடுக்கும் லித்தோ ஃபிலிமில் அந்த நீலம் விழாது என்பதால் அதை அழிக்காமலே மேலே இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் வரைந்தார்கள். யோசனை மாறிய தடமெல்லாம் அந்த நீலத்தில்தான் இருக்கிறது. கட்டத்தின் வலப்பக்கம் நின்ற ஆள் மைக்கோட்டில் இடப்பக்கம் வந்திருப்பார். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நின்றால்தான் பேச்சுப் பலூன்கள் வரிசை குழம்பாமல் படிக்கவரும்; இடம் மாற்றியதற்கு அது காரணமாக இருக்கலாம். கறுப்பு-வெள்ளை ஸ்கேனும் ‘ஆட்டோ கான்ட்ராஸ்ட்’டும் இந்த நீலத்தைத் துடைத்துவிடும். வண்ணத்தில், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஏ4 பக்கம் ஒன்றுக்குச் சுமார் 100 எம்பி ஆகும், ஆகட்டும். வாட்ஸப்பில் அனுப்பத் தனியே ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளை போஸ்டர் கலர் பூசித் திருத்திய இடத்தைச் சுரண்டாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தாலே பூச்சின் மேடு தெரியும். தாளுக்குப் பின்னால் பிடித்தால் அடியில் உள்ள கோடும் பலசமயம் தெரியும். பசை காய்ந்து விழுந்த வசனத் துண்டுகளைத் திரும்ப ஒட்ட வேண்டாம். அந்தப் பக்கத்தின் எண்ணை எழுதிக் காகித உறையில் போட்டுவையுங்கள்.

கழித்தது என்றாலே வரைந்தது சரியில்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும். 34 பக்கம் வரைந்திருந்து, புத்தகம் 32 பக்கம் என்றால் நல்ல பக்கமே ரெண்டு போகும். அச்சான இதழைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறு மையில் வேறு கையெழுத்துக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தபிறகே காரணம் சொல்லுங்கள்.

செலோ டேப், லேமினேஷன், ரப்பர் பேண்ட், குண்டூசி நான்குமே தாளுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகையில் நமுத்த நோட்டைத் தட்டட்டியில் வெயிலுக்குப் போட்டால் ஸ்கெட்ச் பேனா நிறம் வெளுத்துப்போகும். 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து நனைந்துவிட்டால், தாள்களுக்கிடையே அச்சடிக்காத வெள்ளைத்தாள் செருகி, நேரே படாமல் மின்விசிறி ஓடவிடுங்கள். ரெண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பரணில் ஏற்றுவது நல்லது. சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், செல் ஏறும்.

கடைசியாக, தாளை விலை கொடுத்து வாங்கியதால் பதிப்புரிமை வந்துவிடாது. படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. அவர் காலத்தில் வெளிவராத கதை, வசனம் போன்ற எழுத்துப் படைப்பென்றால், முதலில் வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அந்த 60 ஆண்டுகள் எண்ணப்படும். ஒரு பக்கத்தைப் பகிர்வதானாலும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டறிந்து, வாரிசுகளிடம் இருந்தால் அவர்கள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.